கோஜோவின் முழங்கால்

மகன் டெனிசுக்குச் சித்தப்பா எழுதுவது.

இத்தனையும் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன். உப்பளத்தை ஒட்டிய நம் மைதானத்தில் நீ முதன்முதலாகப் பந்தை நெஞ்சில் வாங்கிக் காலடியில் இறக்கியபோது உனக்கு ஒன்பது வயது. அன்று வீட்டுக்கு வந்ததும் உன் சித்தி ரோஸ்லினிடம், "இவன் ஒருநாள் பிளேன்ல போயி பந்து வெளாடுவான், காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோ" என்றேன். வருகிற திங்கட்கிழமை கோவாவில் ஒரு பெரிய கிளப்பின் தேர்வுக்காக நீ வாகைகுளத்தில் விமானம் ஏறப்போகிறாய். போன மாதம் மணப்பாட்டு மணலில் நீ ஆடிய கடைசி ஆட்டத்தின் இடைவேளையில், "ஒன் எடது காலு சரியில்லல, உக்காரு" என்றேன். நீ சிரித்துக்கொண்டே மறுபடி இறங்கினாய். பதினைந்தாவது நிமிடத்தில் விழுந்தாய். அதை வீட்டில் மறைப்பாய் என்றும் எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்த காகிதத்தை பூட்ஸ் பையின் அடியில் நான்காக மடித்து வைத்திருந்தாயே, அதைச் சித்தி கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே, இந்தப் பையில் ஏதோ இருக்கிறது என்று சொன்னவன் நான்தான். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன்தான். ஆனால் கடலின் நிறத்தைப் பார்த்து மறுநாள் காற்றைச் சொல்கிறவன். ஒரு முழங்காலைப் பார்த்துச் சொல்ல முடியாதா?

ஒன்றை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் சித்தியின் தம்பி மிக்கேல் மாமா வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு அதைச் சொன்னான். சனிக்கிழமை காலையில், உன்னோடு படித்த பையன்களின் சங்குப் படகில் ஏறிப் பன்னிரண்டு பாக ஆழத்துப் பாரில் நீ இறங்கப் போகிறாயாம். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். முத்தும் சங்கும் கிடக்கிற கடலடிப் பாறைத் திட்டு பார். உனக்கு இது தெரியும். இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

"அத்தான், கோஜோவுக்குச் செஞ்சத தனக்கும் செய்யணும்னு கேட்டிருக்கான் பய. அடியில ஒக்காந்து எந்திரிச்சு வந்தா முட்டு சரியாயிரும்னு சொல்லுதானாம்" என்றான் மிக்கேல்.

"எவன் சொன்னானாம் அப்பிடி?"

"நீங்கதான் சொன்னிய. பதினோரு வருசமா நீங்கதான சொல்லிக்கிட்டுத் திரியுதிய."

உள்ளே சோற்றை வடித்துக்கொண்டிருந்த சித்தி பானையை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

நான்கு நாளாக நீ என் ஃபோனை எடுக்கவில்லை. துறைமுகப் பக்கம் யார் அறையிலோ தங்கியிருக்கிறாய், எது என்று மிக்கேலும் சொல்லமாட்டேன் என்கிறான். அதனால் எழுதுகிறேன். இதன் ஒரு பிரதியை உன் கையில் சேர்க்கும்படி மிக்கேலிடம் கொடுக்கிறேன். இன்னொன்றை நம் கிளப்பின் அறிவிப்புப் பலகையில், கோஜோவின் படத்துக்குக் கீழே ஒட்டப்போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கதையை நான் ஊரறியச் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், திருவிழா மேடையில் மைக் பிடித்துச் சொன்னேன், விளாத்திகுளத்துப் பையன்கள் ஆட வந்தபோது அவர்களுக்கும் சொன்னேன். நாளைக்கு இன்னொருவனுக்கு முழங்கால் கிழியும். அவனும் படகைத் தேடுவான்.

இப்போது கேள். கோஜோவை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கேரளத்தில் மலப்புறம் பக்கம் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் நடக்கிறதே, அங்கே ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு இவ்வளவு பணம் என்று பேசிக் கூட்டிவருவார்கள். நம் திருவிழாக் கோப்பையை நான்கு வருடமாக வெளியூரே கொண்டுபோயிற்று. கிளப்பின் செயலாளர் நான். பேருந்து ஏறி நானே போனேன். அறுத்த வயலில் விளக்குப் போட்டு ஆட்டம் நடந்தது. கோஜோ அடித்த ஒரு பந்து வலையைக் கிழித்துக்கொண்டு போய், பின்னால் நின்ற ஜீப்பின் முன் விளக்கை உடைத்தது. உனக்கு இரண்டு விளக்கு என்று சொல்லியிருப்பேன். ஒன்று என்றே வைத்துக்கொள். ஆட்டம் முடிந்ததும் கிட்டே போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "யூ கம் தூத்துக்குடி. சீ. ஃபிஷ். குட் பீப்பிள்" என்றேன். கடல் என்றதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். மற்ற இரண்டும் அவன் காதில் விழவில்லை.

அவன் கானா தேசத்தில் செகொண்டி என்கிற மீன்பிடி ஊரில் பிறந்தவன். பக்கத்திலேயே டகோராடி துறைமுகம். இங்கே துறைமுகமும் நாம் குடியிருக்கிற பாய்க்கட்டுத் தெருவும் எப்படியோ அப்படி. அவன் அப்பா வள்ளத்துக்காரர், அம்மா மீனைப் புகை போட்டு விற்பவள். அவர்கள் வழக்கத்தில் பிள்ளை பிறந்த கிழமைதான் பிள்ளைக்குப் பெயர். திங்கட்கிழமை பிறந்ததால் கோஜோ. அவன் மகள் எஃபுவா வெள்ளிக்கிழமைக்காரி. கடற்கரை மணல் ஒரு பக்கம் சரிந்துதான் கிடக்கும், அதில் காலையும் மாலையும் ஆடியதால் இடது கால் மட்டும் இரும்பாகிவிட்டது என்று தொடையைத் தட்டிக் காண்பிப்பான். பதினாறு வயதில் ஊர்க் கிளப், பிறகு இரண்டாம் பிரிவில் இரண்டு வருடம், முதல் பிரிவில் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் அவன் உலகக் கோப்பை ஆடியவனோடு ஒரே அறையில் படுத்திருந்தான் என்று நான் சொல்வேன். அடுத்த கட்டிடத்து அறை என்று அவன் திருத்துவான். அப்புறம் ஒரு ஏஜெண்ட் வந்தான். இந்தியாவில் பெரிய லீக், பெரிய மைதானம், அங்கிருந்து ஐரோப்பா ஒரே தாவு என்றான். அந்தக் கையில் கோஜோ பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். இங்கே வந்து இறங்கி இரண்டு நாள் விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் ஒரு ஜீப் வந்தது. எட்டுப் பேர் படுக்கிற அறை, தினம் ஒரு ஊர், தினம் ஒரு சட்டை, ஒவ்வொரு ஊர் நோட்டீசிலும் அவனுக்கு வேறு வேறு பெயர். ஒரு சீசனில் எத்தனை ஆட்டம் என்று அவனே எண்ணுவதை விட்டுவிட்டான். முட்டு அப்போதே முனக ஆரம்பித்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கூட்டிவந்தேன். இதுவும் எனக்கு முன்கூட்டித் தெரிந்தவற்றில் ஒன்று, மகனே. இதை மட்டும் நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

நம் மாடி அறையில் அவன் தங்கிய இரண்டரை மாதத்தை நீ என்னைவிட நன்றாக நினைவு வைத்திருப்பாய். சாயர்புரம் விடுதியிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்குவாய், பையைப் போட்டுவிட்டு நேரே மாடிக்கு ஓடுவாய். மலப்புறத்துப் பேச்சு ஒட்டிக்கொண்டதால் அவன் சித்தியை "சேச்சி" என்றுதான் கூப்பிட்டான். "சோறு மதி, சேச்சி, மதி" என்று இலையை இரண்டு கையாலும் மூடுவான். "அந்தா ஒடம்புக்கு இது காணுமா? எடுல கைய" என்று அவள் கையைத் தட்டிவிட்டு இன்னொரு அகப்பை போடுவாள். நீ கூப்பிடுவதைப் பார்த்து என்னையும் அவன் "சித்தப்பா" என்றே கூப்பிட்டான். முதல் நாள் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது குனிந்து ஒரு கை தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். "அங்கயும் இங்கயும் ஒரே உப்பு, சித்தப்பா" என்றான். அப்போது அனல்மின் நிலையத்துப் புகை மேலே ஏறாமல் அப்படியே கடல்மேல் படுத்துக் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. காற்று செத்த நாளில் ஒரு புது ஆளைக் கடலுக்குக் காண்பித்திருக்கக் கூடாது.

இறுதி ஆட்டத்தில் அவன் நான்கு கோல் அடித்தான். ஐந்து என்று பலகையில் நான்தான் எழுதவைத்தேன். நான்காவது கோலுக்கு அவன் திரும்பியபோது வந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. காய்ந்த பனைமட்டையை முழங்காலில் வைத்து முறிப்போமே, அந்தச் சத்தம். கூட்டம் வெடி போட்டுக்கொண்டிருந்தது. அவன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே நின்றான். விட்டால் விழுந்துவிடுவான் என்பதால்தான் பிடித்திருந்தான். தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம், நீயும் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாய். எந்தப் பாதம் என்று உனக்கு நினைவிருக்கிறதா?

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே நார் பாதி கிழிந்திருக்கிறது, காலை ஊன்றாமல் வைத்து ஆபரேஷன் செய்தால் ஒன்பது மாதத்தில் மறுபடி ஆடலாம் என்றார். நன்றாகக் கவனி, மறுபடி ஆடலாம் என்றுதான் சொன்னார். அதே வாரம் ஏஜெண்ட் ஃபோன் செய்தான். வடக்கே ஒரு லீக் கிளப் ஆள் தேடுகிறது, மூன்று வாரத்தில் தேர்வு, வந்தால் வா, இல்லையென்றால் அடுத்தவனை அனுப்புகிறேன் என்றான். கோஜோ மாடிப் படியில் காலை நீட்டி உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தபடியே இருந்தான். மகளின் குரல் அதில் ஒரு செய்தியாக வந்து கிடந்தது. திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டான். எனக்குத் தாங்கவில்லை. எனக்கு ஒன்று தாங்கவில்லை என்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும், அது என் சுபாவம்.

சங்கு குளிக்கிறவன் உடம்பைப் பற்றி உனக்குத் தெரியும். படகில் ஓடுகிற காற்று மோட்டாரின் டியூப்பை வாயில் கடித்துக்கொண்டு அதிக நேரம் அடியில் கிடந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் தோளிலும் முட்டிலும் ஒரு வலி வரும். காற்று ஏறிவிட்டது என்போம். அப்போது ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டோம். மறுபடி டியூப்பைக் கட்டி அதே ஆழத்துக்கு இறக்குவார்கள். அடியில் போய் உட்கார்ந்ததும் வலி சர்க்கரை கரைகிற மாதிரி கரையும். பிறகு மெல்ல மெல்ல மேலே வரவேண்டும். எனக்கு அப்படி மூன்று தடவை ஆகியிருக்கிறது. மிக்கேல்தான் மேலே படகிலிருந்து டியூப் பிடித்தான். தொழிலில் டியூப் பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பது நம் பெரியவர்கள் வைத்த ஒழுங்கு. அக்காள் தாலி கண்முன்னால் நிற்கும், கை தளராது. அந்த மூன்று தடவையும் எனக்குச் சரியாயிற்று. வைத்தியம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். முட்டு என்றால் முட்டுதானே, எதில் கெட்டால் என்ன?

சித்தி அன்றைக்கே சொன்னாள். "என்னங்க, ஒங்களுக்குக் கடல்ல கெட்டுச்சு, கடல்ல சரியாச்சு. அவனுக்கு கிரவுண்டுல கிழிஞ்சது. ரெண்டும் ஒண்ணா? டாக்டர் படிச்சவரு சொல்லுதாரு, நீங்க என்னத்தப் படிச்சிய?"

"ஏளா, கடலு படிக்காத டாக்டரா?" என்றேன். அப்படி ஒரு பதில் சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தே இருக்கும்.

நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. படகில் மூன்றே பேர்: நான், மிக்கேல், கோஜோ. வள்ளத்தில் காலை வைக்கும்போது கோஜோ தயங்கினான். அவர்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை எவனும் கடலுக்குப் போகமாட்டானாம். அது கடல் ஓய்வெடுக்கிற நாளாம். வலையைத் தைப்பார்கள், வள்ளத்துக்கு வர்ணம் பூசுவார்கள், தண்ணீரைத் தொடமாட்டார்களாம்.

"இன்னைக்கு டியூஸ்டே, சித்தப்பா. டியூஸ்டே கடல் நம்மது இல்ல."

"ஏல, அது ஒங்கூரு கடலு. இது வேதக்காரக் கடலு. இதுக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் லீவு" என்றேன். மிக்கேல் சிரித்தான். கோஜோவும் கொஞ்சம் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் ஏறினான்.

அன்று கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. துறைமுகத்துக் கிரேன்கள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. மூன்று புகைபோக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் மறைகிற இடத்தில் நங்கூரம் போட்டோம். ஒரு நண்டு பிடிக்கிறவனின் வள்ளம்கூட அந்தப் பக்கம் இல்லை. நான் முதலில் இறங்கினேன், அவன் பின்னால். பன்னிரண்டு பாகம் அடியில் பாறை விளிம்பில் இருவரும் உட்கார்ந்தோம். நான் அவன் முட்டைத் தொட்டு, வலிக்கிறதா என்று கையால் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். காலை மடக்கினான், நீட்டினான். மறுபடி மடக்கினான். கண்ணாடிக்குள் அவன் கண் சிரித்ததை நான் பார்த்தேன். இதில் ஒரு சொல்லும் நான் சேர்த்ததில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான். அந்த அடியில், இருட்டுப் பச்சையில், ஒரு பெரிய பாறைமீன் எங்களை அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றது. சங்கு ஒன்றுகூட எடுக்காமல் இரண்டு பேர் எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அது நினைத்திருக்கும்.

மீதிக் கதை உனக்கு மனப்பாடம். மெல்ல மேலே வந்தோம். கோஜோ ஏணியைப் பிடிக்காமல் படகில் ஏறினான். அவன் அதிர்ஷ்டத்துக்காக எடுத்துவந்திருந்த பந்தை நான் தூக்கிப் போட்டேன். ஆடுகிற மேல்தட்டில் நின்று, கிழிந்த அந்தக் காலாலேயே அதை இருபத்தொரு தடவை கீழே விழாமல் தட்டினான். வியாழக்கிழமை கிளம்பினான். பிறகு விமானம் ஏறினான். விமானம் என்று நான் சொன்னதை ஊர் பெல்ஜியம் ஆக்கியது, நான் மறுக்கவில்லை. அவன் கிறிஸ்துமசுக்கு அனுப்பிய படத்தைச் சட்டம் போட்டுக் கிளப் சுவரில், அறிவிப்புப் பலகைக்கு மேலே மாட்டினேன். நம் மஞ்சள் சட்டையில், இடுப்புக்கு மேலே, பல் தெரியச் சிரிக்கிற அந்தப் படம். இப்போது பதினோரு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பையன்கள் அந்தக் கண்ணாடியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். முதலில் தொட ஆரம்பித்தவன் நீ.

சனிக்கிழமை நீ இறங்கக் கூடாது என்பதற்கு என்னிடம் காரணங்கள் நிறைய இருக்கின்றன. நேற்றிலிருந்து ஒவ்வொன்றாக எழுதி எழுதிக் கிழித்தேன். அந்தப் பையன்களின் காற்று மோட்டார் பழசு, டீசல் புகையை உள்ளே இழுக்கிறது. டியூப் பிடிக்கிறவன் உனக்கு மச்சானும் இல்லை, மாமனும் இல்லை. ஃபோனைப் பார்த்துக்கொண்டு டியூப் பிடிக்கிற பயல். அடியில் கிடந்துவிட்டு இரண்டு நாளில் ஆகாயத்தில் ஏறினால் உள்ளே என்ன ஆகும் என்று எனக்கே பயமாக இருக்கிறது. தேர்வு என்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறானே ஒரு ஏஜெண்ட், அவன் கையில் இருக்கிறது உன் கயிறு. உனக்கு மூச்சு முட்டினால் அவன் வீட்டில் யார் தாலி அறும்? இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் நீ ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். "கோஜோவுக்குச் சரியாச்சுல்ல, சித்தப்பா?" என்பாய்.

அந்தக் கேள்வியை நீ முதன்முதலில் கேட்டது அந்த வெள்ளிக்கிழமை. விடுதியிலிருந்து வந்து மாடிக்கு ஓடினாய். பாய் சுருட்டிக் கிடந்தது. உனக்குப் பதினோரு வயது. உன் அப்பா, என் அண்ணன், கப்பலுக்குப் போய்த் திரும்பாத வருடத்திலிருந்து யார் ஊரைவிட்டுப் போனாலும் நீ சாப்பிடமாட்டாய். படியில் நின்றுகொண்டு, "கோஜோண்ணன் எங்க? காலு சரியாச்சா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறந்தேன். வந்தது அந்தக் கதைதான். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தன தடவ தட்டுனான்?" என்று கேட்டாய். இருபத்தொன்று என்றேன். அன்று நீ இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். அதற்கப்புறம் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை, மகனே. நீ அதன்மேல் ஏறி நின்று ஆட ஆரம்பித்துவிட்டாய். ஊர் கைதட்டியது. எனக்கும் அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

நேற்று மிக்கேல் போகும்போது திரும்பிப் பார்த்து, "நீங்க தொடங்குனத நீங்களே முடியுங்க அத்தான். இல்லன்னா சனிக்கிழமை அவனுக்கு நான் சொல்லவேண்டி வரும். நான் சொன்னா ஒங்கள ஏசுற மாதிரி ஆயிரும்" என்றான். பதினோரு வருடம் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவன் அவன்.

அடியில் வலி தெரியாததற்குக் காரணம் தண்ணீர் அவனைத் தாங்கியதுதான். இதைப் பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். சித்தி முன்பே சொல்லியிருந்தாள். கோஜோ அதைக் குணம் என்று நம்பினான், நானும் நம்பினேன். அவன் ஏணியைப் பிடிக்காமல் ஏறியது உண்மை. பந்தை நான் தூக்கிப் போட்டது உண்மை. ஈரத் தட்டில் இடது காலை ஊன்றி அவன் திரும்பினான். பாதி கிழிந்திருந்தது முழுதாகப் போனது அப்போதுதான். வலையை இழுக்கிற மாதிரி மிக்கேலும் நானும் அவனைத் தட்டுக்கு நடுவில் இழுத்துப் போட்டோம். அவன் கத்தவில்லை. "டியூஸ்டே, டியூஸ்டே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். பந்து உருண்டு கடலில் விழுந்து துறைமுகச் சுவரைப் பார்த்து மிதந்து போயிற்று. எடுக்க ஒருவரும் போகவில்லை. இனி ஆட முடியாது என்று டாக்டர் சொன்ன மறுநாள், யாரும் கேட்காமலே ஏஜெண்ட் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தனுப்பினான். மலப்புறத்திலிருந்து அவன் நாட்டுப் பையன்கள் வேன் பிடித்து வந்து ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டிப்போனார்கள். விமானம் ஏறினான் என்று நான் சொன்னது பொய்யில்லை. வீட்டுக்குப் போகிற விமானம்.

இப்போது அவன் செகொண்டியில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விலை கூவுகிறான். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் குரல் செய்தி வரும். என்னை ஒரு வார்த்தை ஏசியதில்லை. "சித்தப்பா, டெனிஸ் வெளாடுதானா?" என்று கேட்பான், நம் பேச்சிலேயே கேட்பான். ஆமா என்று நான் பதில் போடுவேன்.

உன் ஸ்கேன் காகிதத்தைச் சித்தி எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிவிட்டாள். கோஜோவுக்குச் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் உனக்கும் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன், ஒன்பது மாதம், மறுபடி ஆடலாம். ஸ்டுடியோவில் கொடுத்து நான் வெட்டி எடுக்கச் சொன்ன அந்தப் படத்தின் கீழ்ப் பாதி பதினோரு வருடமாக என் இரும்புப் பெட்டியில் கிடந்தது. கைக்கு அடியில் ஊன்றுகோல், தரையில் படாமல் தொங்குகிற இடது கால். அதன் நகலைத்தான் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பலகையில் ஒட்டும்போது மேல்பாதிக்கு நேர் கீழே அதையும் ஒட்டுவேன். பையன்கள் தொடட்டும்.

இருபத்தொரு தடவை என்றேனே, டெனிஸ், அது நான் சேர்த்தது. அவன் ஒரு தடவைகூடத் தட்டவில்லை.